கோழி அடைகாத்த வாத்துக் குஞ்சுகள்

திண்டிவனத்தைச் சுற்றியுள்ள ஏரிகளில் மேய்ந்த வாத்துகளில் எதன் உடம்பில் மஞ்சள்காமாலைக் கிருமி ஒளிந்திருக்கிறது, எதன் உடம்பில் இல்லை என்று எண்பதுகளின் கடைசியில் என்னைக் கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன். ரத்தத்தைப் பார்த்த பிறகு காலில் நான் சிவப்பு நூல் கட்டியிருந்தால் உண்டு, கட்டாவிட்டால் இல்லை. அதே ஊர் ஆஸ்பத்திரியில் பிள்ளை பெறப் படுத்திருந்த பெண்களில் யாருக்கு அது இருக்கிறது என்று கேட்டிருந்தால் ஒருவராலும் சொல்லியிருக்க முடியாது. அவர்கள் கையிலிருந்து கொஞ்சம் ரத்தம் எடுத்துப் பார்க்க வேண்டும் என்று ஒருவருக்கும் தோன்றவில்லை. வாத்துக்குக் கிடைத்த மரியாதை பெண்ணுக்குக் கிடைக்கவில்லை என்று நான் சொன்னால், வேடிக்கையாகப் பேசுகிறேன் என்று சிரிக்கிறார்கள். நான் வேடிக்கையாகப் பேசவில்லை.

வாத்துக்கு ரத்தம் எடுத்தவள் நான்தான். விலங்கியல் படித்துவிட்டு வேலை கிடைக்காமல் வீட்டில் இருந்த காலம் அது. மெட்ராஸில் ஓர் ஆய்வுக்கூடத்தில் இருந்த பேராசிரியர், இந்தப் பக்கத்து வாத்துகளின் ரத்தத்தை எடுத்துக் கொண்டுவர உள்ளூர் ஆள் ஒருவர் வேண்டும் என்று எங்கள் கல்லூரியில் சொல்லி வைத்திருந்தார். பையன்கள் யாரும் போகவில்லை. வாத்துக்குப் பின்னால் சேற்றில் ஓடுவது படித்த பையனுக்கு அழகில்லையாம். நான் போனேன். அறுவடை முடிந்ததும் வாத்து மேய்க்கிறவர்கள் பெருமுக்கல் பக்கமும் வல்லம் பக்கமும் கழனி கழனியாக வாத்துகளை ஓட்டிக்கொண்டு வருவார்கள். வாத்தை அக்குளில் இடுக்கிக்கொண்டு, இறக்கையை விரித்து, அதன் அடியில் ஓடும் நரம்பில் ஊசி போட்டு ரத்தம் எடுப்பேன். அது உறைந்த பிறகு மேலே தெளிந்து நிற்கும் நீரைச் சின்னக் குப்பிகளில் ஊற்றி, ஐஸ் போட்ட பிளாஸ்க்கில் வைத்து, மெட்ராஸ் பஸ்ஸில் ஏறிவிடுவேன். கண்டக்டர்கள் என்னை வாத்து டாக்டரம்மா என்பார்கள். ஒருமுறை பக்கத்து சீட்டுக்காரர் பிளாஸ்க்கில் இருப்பது காபியா என்று கேட்டார். உள்ளதைச் சொன்னேன். எழுந்து டிரைவர் பக்கம் போய் நின்றுகொண்டார்.

வாத்து எதற்கு என்று நானும் முதல் நாளே கேட்டேன். பேராசிரியர் பொறுமையாகச் சொன்னார். ஹெபடைட்டிஸ் பி என்கிற மஞ்சள்காமாலைக் கிருமி மனிதருடைய ஈரலில் வளரும். மனிதரை விட்டால் சிம்பன்சிக் குரங்கில் வளரும். ஆராய்ச்சிக்கு அத்தனை குரங்குக்கு எங்கே போவது? அமெரிக்காவில் வளை தோண்டி வாழும் கொழுத்த அணில் ஜாதிப் பிராணி ஒன்றில் அதே குடும்பத்துக் கிருமியைக் கண்டார்கள். பிறகு வாத்திலும் கண்டார்கள். வாத்தினுடையது மனிதருக்கு ஒட்டாது, மனிதருடையது வாத்துக்கு ஒட்டாது. ஆனால் இரண்டும் பங்காளிகள். ஈரலுக்குள் புகுந்து ஓசைப்படாமல் குடியிருப்பதில் இரண்டுக்கும் ஒரே குணம். மனிதரின் ஈரலை வெட்டி வைத்துப் பார்க்க முடியாது, வாத்தின் ஈரலைப் பார்க்கலாம்.

கிருமி இருக்கிற வாத்தை நீங்கள் பார்த்தால் அதற்கு ஒரு குறையும் சொல்ல மாட்டீர்கள். கொழுகொழுவென்று இருக்கும். நீந்தும், நத்தை தின்னும், வேளைக்கு முட்டையிடும். சாகும் வரைக்கும் அது உள்ளேயே இருக்கும், வாத்துக்குத் தெரியாது, மேய்க்கிறவருக்கும் தெரியாது. நோவு இல்லாத வாத்துக்கு எதுக்கும்மா ஊசி என்று அவர்கள் என்னைக் கேட்டார்கள். நோவு தெரியாமல் இருப்பதுதான் இங்கே சங்கதி என்று அவர்களுக்கு விளக்கிச் சொல்ல எனக்கு அப்போது தெரியவில்லை.

என் அக்காவும் அப்படித்தான் இருந்தாள். அவளை விழுப்புரத்தில் கொடுத்திருந்தோம். மாமாவுக்கு ரயில்வேயில் வேலை. மாமா தங்கமான மனிதர் என்று ஊரே சொல்லும். வாயைத் திறக்காத ஆண்களை ஊர் தங்கம் என்றுதான் சொல்கிறது. கல்யாணமாகி ஒரு வருஷம் போல ஆனபோது அக்காவின் மாமியாருக்குக் கர்ப்பப்பையை எடுக்க வேண்டும் என்று விழுப்புரத்திலேயே ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். ரத்தம் தேவைப்படும், வீட்டு ஆட்கள் கொடுங்கள் என்றார்கள். மாமாவுக்கு ஊசியைப் பார்த்தால் தலை சுற்றும். நாத்தனார் அப்போது மாசமாக இருந்தாள். அக்கா கையை நீட்டினாள்.

அந்த ஆஸ்பத்திரியில் கொடுக்கிற ரத்தத்தில் அந்தக் கிருமி உண்டா என்று பார்க்கும் பரிசோதனையை அப்போதுதான் புதிதாகத் தொடங்கியிருந்தார்கள். கொஞ்ச நேரம் கழித்து டாக்டர் வெளியே வந்தார். அக்கா முழங்கையில் பஞ்சை அழுத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அவளிடம் அவர் ஒரு வார்த்தை பேசவில்லை. நடைபாதையில் நின்ற அத்தனை பேருக்கும் கேட்கும்படி மாமாவிடம், இந்தப் பெண்ணின் ரத்தம் உதவாது, மஞ்சள்காமாலைக் கிருமி இருக்கிறது என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். அது என்ன, எப்படி வரும், எப்படி வராது, அவள் என்ன செய்ய வேண்டும் என்று ஒன்றும் சொல்லவில்லை. சொல்வதற்கு அவருக்கே தெரியுமோ தெரியாதோ. தெரியாததைத் தெரியாது என்று சொல்ல ஒரு நொடி ஆகியிருக்குமா? அந்த நொடியை அவர் கொடுக்காததால் என் அக்கா பட்ட பாட்டை நான் இன்று வரை மறக்கவில்லை.

மாமியாருக்கு வேறு யாரோ ரத்தம் கொடுத்து, ஆபரேஷன் நல்லபடியாக முடிந்து, வீட்டுக்கு வந்தார். வந்ததும் முதல் வேலையாக அக்காவின் தட்டும் டம்ளரும் கொல்லையில் துவைக்கிற கல் மேல் போய் உட்கார்ந்தன. தினமும் காலையில் கீழாநெல்லியை அரைத்து மோரில் கலக்கிக் கொடுத்தார்கள். சோற்றில் உப்பு கிடையாது, எண்ணெய் கிடையாது. கீழாநெல்லி மேல் எனக்குக் கோபம் இல்லை. கண் மஞ்சளாகிப் படுத்தவருக்குச் செய்கிற பத்தியத்தை, கண் வெள்ளை வெளேரென்று இருக்கிறவளுக்கு மாதக்கணக்கில் செய்தார்களே, அதற்குத்தான் கோபம். கண் மஞ்சளாகவே இல்லை என்பதால் நோய் இன்னும் உள்ளேயே நிற்கிறது என்று பத்தியத்தை நீட்டித்துக்கொண்டே போனார்கள். அவள் உண்டான பிறகும் உப்பைக் கண்ணில் காட்டவில்லை. யாருக்கு ரத்தம் கொடுக்கப் போய் அவளுக்கு இந்தப் பெயர் வந்தது என்பதை அந்த வீட்டில் ஒருவரும் ஒரு நாளும் நினைத்துப் பார்க்கவில்லை.

ஏழாம் மாதம் தலைப்பிரசவத்துக்கு அழைத்து வந்தோம். வந்த அன்று அம்மா மல்லாட்டைச் சட்னி, அதாவது வேர்க்கடலைச் சட்னி, அரைத்து இட்லி வைத்தாள். அக்கா சட்னியை வழித்து வழித்துச் சாப்பிட்டாள். அம்மா அடுப்பங்கரைக்குள் போய் அழுதாள். எனக்கு அழுகை வரவில்லை. பஸ் ஏறி விழுப்புரம் போய் நான்கு வார்த்தை கேட்டுவிட்டு வர வேண்டும் போலிருந்தது. பெண்ணைக் கொடுத்த இடம், வாயை வைத்துக்கொண்டு சும்மா இரு என்று அப்பா சொல்லிவிட்டார்.

அந்தச் சமயத்தில் எங்கள் வீட்டுக் கொல்லையில் ஒரு வேலை நடந்துகொண்டிருந்தது. எங்கள் பக்கத்தில் வாத்து முட்டையை வாத்து அடைகாப்பதில்லை. நாட்டு வாத்து முட்டையைப் போட்டுவிட்டு எழுந்து போய்விடும், அதற்கு உட்கார்ந்து காக்கிற பொறுமை கிடையாது. அதனால் அடைக்குப் படுத்திருக்கும் கோழியின் கீழே வாத்து முட்டைகளை வைத்துவிடுவார்கள். கூடையில் வைக்கோல் பரப்பி, கோழியை உட்கார வைத்தால் அது தன் முட்டை என்றே நினைத்துக் காக்கும். குஞ்சு பொரிந்ததும் கோழி பின்னாலேயே ஓடும். பேராசிரியரிடம் இதைப் பேச்சுவாக்கில் சொன்னேன். அவர் நாற்காலியிலிருந்து எழுந்தே விட்டார். குஞ்சுக்குக் கிருமி தாயோடு திரிவதால் வருகிறதா, ஏரித் தண்ணீரில் வருகிறதா, முட்டைக்குள்ளேயே வருகிறதா என்று இங்கேயே பார்த்துவிடலாம் என்றார். சிவப்பு நூல் கட்டிய வாத்துகளின் முட்டைகளாகப் பார்த்து வாங்கி வந்து அம்மாவின் கோழிக்குக் கீழே வைத்தேன். பொரிந்த குஞ்சுகள் ஏரியைப் பார்க்கவில்லை, பெற்ற வாத்தையும் பார்க்கவில்லை. கிணற்றடித் தொட்டியில் முங்கி எழுந்துகொண்டு, கரையில் நின்று பதறுகிற கோழியைப் படாத பாடு படுத்திக்கொண்டிருந்தன. அவற்றின் ரத்தமும் கோழியின் ரத்தமும் மெட்ராஸுக்குப் போயிருந்தன. முடிவு இன்னும் வரவில்லை.

வளைகாப்புக்கு விழுப்புரத்திலிருந்து வந்தார்கள். வராமல் இருந்தால் ஊர் பேசும் என்று வந்தார்கள். வந்தவர்கள் எல்லாரும் அக்காவின் கன்னத்தில் சந்தனம் பூசி வளையல் போட்டார்கள். மாமியாரின் முறை வந்தபோது சந்தனக் கிண்ணத்தைக் கிண்ணத்தோடு அவள் முன்னால் நீட்டினார். அக்கா ஒரு கணம் அவர் முகத்தைப் பார்த்தாள். பிறகு தானே இரண்டு விரலால் சந்தனத்தை எடுத்துத் தன் கன்னத்தில் பூசிக்கொண்டாள். கூடியிருந்த பெண்கள் பாட்டை நிறுத்திவிட்டார்கள். அந்தக் கிண்ணத்தைப் பிடுங்கி எறியாமல் நான் எப்படி நின்றேன் என்று எனக்கே தெரியவில்லை.

சாப்பிட்டுக் கை கழுவக் கொல்லைக்கு வந்த மாமியார் கோழியையும் வாத்துக் குஞ்சுகளையும் பார்த்துவிட்டு நின்றார். அவர் வீட்டிலும் வருஷா வருஷம் இப்படி வைப்பார்கள். அம்மாவைக் கூப்பிட்டார். நான் கிணற்றடியில் இருந்தேன். அக்கா கதவோரம் நின்றிருந்தாள்.

"இந்தா பாருங்க சம்பந்தி. பெத்தது வாத்து, காத்தது கோழி. குஞ்சுங்க வாத்து மூஞ்சியக்கூட பாக்கல, நல்லாதானே கீது? அதுமாரிதான். புள்ள பொறந்ததும் எம் பொண்ணு வந்து தூக்கினு போயி பால் குடுத்து வளத்துக்கும். உங்க பொண்ணு ஒடம்பு தேறி மெதுவா வரட்டும்."

அவர் கொடுமைக்காரி மாதிரிப் பேசவில்லை. அதுதான் எனக்கு இன்னும் ஆத்திரம். நல்ல யோசனை ஒன்றைக் கண்டுபிடித்தவர் மாதிரி, எல்லாருக்கும் நல்லது செய்கிறவர் மாதிரி பேசினார். எங்கள் பக்கத்துப் பெண்கள் எத்தனையோ தலைமுறையாகக் கண்ணால் பார்த்த வழக்கம் அது. பெற்றவளிடமிருந்து எடுத்து இன்னொருத்தியிடம் வைத்தால் பெற்றவளின் குறை ஒட்டாது என்பதற்கு அவருக்கு வேறு சாட்சி வேண்டியிருக்கவில்லை. அம்மா வெற்றிலைத் தட்டை எடுத்து வந்து அவரிடம் நீட்டினாள். அம்மா மேலும் எனக்குக் கோபம் வந்தது. ஆனால் அவர் சொன்னதை மறுக்க அன்றைக்கு என் கையிலும் ஒன்றும் இல்லை. குஞ்சுகள் நன்றாகத்தானே ஓடிக்கொண்டிருந்தன.

அவர்கள் போன பிறகு அக்கா தொட்டியருகே உட்கார்ந்து குஞ்சுகளைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். இவற்றுக்கு இருக்கிறதா இல்லையா என்று கேட்டாள். இன்னும் தெரியாது என்றேன். இல்லாமல் இருந்தால் என் பிள்ளையைக் கொடுத்துவிடத்தான் வேண்டும், இல்லையா என்றாள். கொடுத்தால் நன்றாக இருக்கும் என்றால் கொடுத்துவிடுவேன் என்றாள். அவள் அதை மெதுவாக, ஏற்கனவே பாதி கொடுத்துவிட்டவள் மாதிரி சொன்னாள். அந்தக் குரலைக் கேட்ட பிறகு எனக்கு ஆராய்ச்சி வேறு, வீடு வேறு என்பது போய்விட்டது.

அடுத்த முறை மெட்ராஸ் போனபோது முடிவு வந்திருந்தது. கோழிக்கு ஒன்றும் இல்லை. குஞ்சுகளுக்கு இருந்தது. பெற்ற வாத்தைப் பார்க்காத, ஏரியைப் பார்க்காத குஞ்சுகளின் ரத்தத்தில் கிருமி குடிவந்திருந்தது. முட்டைக்குள்ளேயே வந்துவிடுகிறது, அடைகாப்பது யாராக இருந்தாலும் மாறாது என்று பேராசிரியர் மேசையைத் தட்டிச் சந்தோஷப்பட்டார். எல்லாருக்கும் டீ வாங்கி வரச் சொன்னார். அவருக்கு அது ஆராய்ச்சியின் வெற்றி. எனக்கு அது என் அக்காவின் வயிறு. டீயைக் கீழே வைத்துவிட்டேன்.

மனிதருக்கும் இப்படித்தானா சார் என்று கேட்டேன். அப்படியே இல்லை என்றார். மனிதருக்குப் பெரும்பாலும் வயிற்றுக்குள் வருவதில்லை, பிறக்கிற நேரத்தில் தாயின் ரத்தம் பட்டு வருகிறது. பெரியவர்களுக்குத் தொற்றினால் அநேகமாக வந்த வழியே போய்விடும். பிறந்த குழந்தைக்குத் தொற்றினால் போகாது, அந்த வாத்துக்கு மாதிரியே உள்ளே தங்கிவிடும். பல வருஷம் ஒன்றும் தெரியாது, பிறகு சிலருக்கு ஈரலையே தின்றுவிடும். அக்காவுக்கும் பிறந்தபோதே வந்திருக்கலாம், எங்கள் அம்மாவுக்கே தெரியாமல். பிறந்த அன்றே தடுப்பூசி போட்டுவிட்டால் பெரும்பாலான குழந்தைகளைக் காப்பாற்றிவிடலாம், தாய்ப்பாலும் கொடுக்கலாம் என்றார். எந்த பஸ் எத்தனை மணிக்கு என்று சொல்கிற மாதிரி சாதாரணமாகச் சொன்னார்.

அந்த ஊசி எங்கே கிடைக்கும் என்றேன். வெளிநாட்டிலிருந்து வருகிறது, விலை அதிகம், கடையில் கிடைக்காது என்றார். அவர் முதுகுக்குப் பின்னால் இருந்த ஃப்ரிட்ஜில் அந்த ஊசி மருந்து இருந்தது எனக்குத் தெரியும். மனித ரத்தத்தைக் கையாளுகிற ஸ்டாஃபுக்காக வரவழைத்தது. அதைக் கேட்டேன்.

"அது ஸ்டாஃபுக்குன்னு வந்ததும்மா. வெளியில குடுக்கறதுக்கு இல்ல" என்றார்.

எனக்கு எங்கிருந்துதான் அப்படி வந்ததோ. "வாத்துங்களுக்கு இருக்குதான்னு கண்டுபுடிக்க நான் ஊர் ஊரா சுத்திக்கினு கீறேன். எங்க அக்காவுக்கு இருக்குதுன்னு கண்டுபுடிச்சாச்சி. மருந்தும் இங்கதான் கீது. அப்பறம் இந்த ஆராய்ச்சி யாருக்கு சார்?" என்றேன். கூடத்தில் இருந்தவர்கள் எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். மெட்ராஸுக்கு வந்தால் கொஞ்சம் திருத்திப் பேசுகிறவள், அன்றைக்கு அதெல்லாம் மறந்துவிட்டது. இனிமேல் பிளாஸ்க் வராது என்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன்.

சொன்னபடியே மெட்ராஸுக்குப் போகவில்லை. வாத்துகள் நிம்மதியாக மேய்ந்தன. வேலை போய்விட்டது என்று அப்பா முடிவே கட்டிவிட்டார். சில வாரம் கழித்து, ஊசி மருந்தை வந்து எடுத்துப் போகலாம் என்று பேராசிரியர் சொல்லியனுப்பினார். போனேன். முதல் ஊசி மருந்தைத் துணியில் சுற்றி, ஐஸில் நேராகப் படக்கூடாது, உறைந்தால் வீணாகிவிடும் என்று சொல்லி அவரே என் பிளாஸ்க்கில் வைத்தார். ஒரு மாதத்தில் ஒன்று, ஆறாம் மாதத்தில் ஒன்று, அதையும் வாங்கிக்கொள் என்றார். என் முகத்தைப் பார்க்கவில்லை. அவர் நல்லவர்தான், யாரிடமோ கெஞ்சித்தான் அனுமதி வாங்கியிருப்பார். நீ அவருக்கு நன்றிக்கடன் பட்டவள் என்று பலர் எனக்குச் சொல்லியிருக்கிறார்கள். சண்டை போட்டு வாங்க வேண்டியிருந்த ஒன்றுக்கு எனக்கு நன்றி வரவில்லை. எங்கள் தெருமுனை மருந்துக்கடைக்காரர் ஃப்ரிட்ஜில் இடம் கொடுத்தார்.

திண்டிவனம் அரசு ஆஸ்பத்திரியில் ஒரு நாள் காலையில் அக்காவுக்கு ஆண் பிள்ளை பிறந்தது. சேதி விழுப்புரத்துக்குப் போயிற்று. நான் மருந்தோடு வார்டுக்கு ஓடினேன். நர்ஸ் அதை வாங்கிப் பார்த்துவிட்டு, பெயரே கேள்விப்படாத மருந்தைப் பச்சைக் குழந்தைக்குப் போட மாட்டேன் என்றார். அவரைக் குறை சொல்ல முடியாது. டியூட்டி டாக்டரம்மாவிடம் போனேன். நீ யார், உனக்கு இது எப்படிக் கிடைத்தது என்று கேட்டார். வாத்துக்கு ரத்தம் எடுக்கிறவள் என்றேன். பெட்டிக்குள் இருந்த காகிதத்தை விரித்து நின்றபடியே முழுவதும் படித்தார். இதைப் புத்தகத்தில் படித்ததோடு சரி, இப்போதுதான் கண்ணால் பார்க்கிறேன் என்றார். காலையிலிருந்து மாலை வரை பிரசவ ரத்தத்தில் கை வைக்கிற அந்த அம்மாவுக்கே யாரும் அதைப் போட்டிருக்கவில்லை. பிறகு அவரே குழந்தையின் தொடையில் போட்டார். பிள்ளை வீரிட்டு அழுது, அக்காவின் மார்பில் ஒட்டிக்கொண்டு அடங்கிற்று.

பார்வையாளர் நேரத்துக்கு விழுப்புரத்துக்காரர்கள் வந்துவிட்டார்கள். மாமியார், நாத்தனார், மாமா. நாத்தனார் புதுத் துண்டு ஒன்றைக் கையில் வைத்திருந்தாள். பெண்ணாகப் பிறந்திருந்தால் இவ்வளவு சீக்கிரம் வந்திருப்பார்களா என்று எனக்குச் சந்தேகம் உண்டு. மாமியார் கட்டிலுக்கு ஓரடி தள்ளியே நின்றுகொண்டு, பேசின பேச்சுப்படி குழந்தையைக் கொடுத்துவிடச் சொன்னார். பால் குடித்துக்கொண்டிருந்த பிள்ளையைப் பார்த்து அவர் முகம் சுளித்ததை நான் பார்த்தேன்.

நான் முந்திக்கொண்டேன். அத்தை, எங்கள் வீட்டுக் கொல்லையில் நீங்கள் பார்த்தீர்களே, அந்தக் குஞ்சுகள் எல்லாவற்றுக்கும் ரத்தத்தில் இருக்கிறது, காத்த கோழிக்கு இல்லை என்றேன். கோழியிடம் வைத்ததால் அவற்றுக்கு ஒரு நன்மையும் நடக்கவில்லை. வர வேண்டியது பிறக்கும்போதே வந்துவிடும், அதைத் தடுக்கிற ஊசியைப் போட்டாயிற்று, இனி தாயிடமிருந்து பிரித்துக்கொண்டு போவதால் பிள்ளைக்குப் பசிதான் மிச்சம் என்றேன். அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"வாத்தும் மனுசாளும் ஒண்ணாடி?" என்றார்.

இதை வளைகாப்பன்று அவரே கேட்டுக்கொண்டிருக்கலாம். நான் அதைச் சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் நாத்தனார் துண்டை விரித்துக்கொண்டு கட்டிலருகே குனிந்துவிட்டாள். அக்கா பிள்ளையை இன்னொரு கைக்கு மாற்றிக்கொண்டாள். கல்யாணமான நாளிலிருந்து அந்த வீட்டாரின் முன்னால் அவள் தலை நிமிர்ந்து பேசி நான் பார்த்ததில்லை.

"ரத்தம் வேணும்னு கேட்டீங்க, கைய நீட்டினேன். அதுக்கப்பறம் இன்னா சொன்னாலும் கேட்டுக்கினு இருந்தேன். புள்ளய கேட்டா கை நீளாது அத்தை" என்றாள்.

சத்தம் போட்டுச் சொல்லவில்லை. ஆனால் வார்டு முழுவதும் கேட்டது. அன்று ஆஸ்பத்திரி நடைபாதையில் அந்த டாக்டர் சொன்னதும் இப்படித்தான் எல்லாருக்கும் கேட்டது என்று நினைத்துக்கொண்டேன். மாமியார் தன் மகனைத் திரும்பிப் பார்த்தார். மாமா குழந்தையைப் பார்த்துக்கொண்டிருந்தார். அம்மா, வா போகலாம் என்று கடைசியில் சொன்னார். அவர் வாயிலிருந்து அக்காவுக்காக வந்த முதல் வார்த்தை அதுதான். அதற்கே என் அம்மா அவரைப் புகழ்ந்து தள்ளினாள். எனக்கு அது போதவில்லை. அவருக்குக் குரல் இருக்கிறது என்பது இத்தனை நாள் கழித்துத் தெரிந்ததில் கோபம் கூடத்தான் செய்தது.

மற்ற இரண்டு ஊசியும் பிளாஸ்க்கில் வந்து சேர்ந்தன. நான் மறுபடியும் வாத்துக்குப் பின்னால் ஓடினேன். பிள்ளைக்கு ஒரு வயது முடிந்ததும் ரத்தம் எடுத்து மெட்ராஸில் பார்த்தோம். சுத்தமாக இருந்தது. மாமா அழைத்துப்போக வந்தபோது, கொல்லையில் இருக்கிற தட்டை உள்ளே எடுத்து வைத்துவிட்டு வந்து கூப்பிடுங்கள் என்று அக்கா திருப்பி அனுப்பினாள். அடுத்த வாரம் வந்தார், வைத்துவிட்டேன் என்றார். போய் அதே தட்டில் உப்புப் போட்ட சோறு சாப்பிட்டாள். கிருமி இன்னும் அவள் உடம்பில்தான் இருக்கிறது. வருஷம் ஒருமுறை ஈரலைப் பரிசோதித்துக்கொண்டு தன் வேலையைப் பார்த்துக்கொண்டு இருக்கிறாள். பிள்ளை பெரியவனாகி, எதற்கெடுத்தாலும் என்னைப் போலவே சண்டைக்கு நிற்கிறான்.

இதைக் கேட்பவர்கள், முடிவு நன்றாக முடிந்ததே, இன்னும் ஏன் கோபம் என்கிறார்கள். அவர்களுக்கு நான் அன்றைய வார்டைத்தான் சொல்வேன். விழுப்புரத்துக்காரர்கள் போன பிறகு அக்கா கண்ணை மூடிப் படுத்திருந்தாள். பக்கத்துக் கட்டிலில் ஒரு பெண், முந்தின ராத்திரி பெண் குழந்தை பெற்றவள், நடந்தது எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டே இருந்தாள். அவளுக்குத் துணையாக யாரும் வந்திருக்கவில்லை. நான் காலி மருந்துக் குப்பியைப் பெட்டிக்குள் வைத்துக்கொண்டிருந்தபோது என்னைக் கையசைத்துக் கூப்பிட்டாள். அவளுக்கு அப்பால் கட்டில் கட்டிலாகப் பெண்கள், கட்டில் இல்லாதவர்கள் தரையில் பாயில், ஒவ்வொருத்தி பக்கத்திலும் துணியில் சுற்றிய ஒரு குழந்தை.

"அது இன்னா ஊசிக்கா? எம் பொண்ணுக்கும் போடுவாங்களா?" என்று கேட்டாள்.

உனக்கு அந்தக் கிருமி இருந்தால்தான் அவசியம் என்றேன்.

"எனக்கு அது இருக்குதா?" என்றாள்.